தோண்டிப் பார்ப்பதா? பார்த்துவிட்டுத் தோண்டுவதா?

📍 செண்பகத்தோப்பு கலந்துரையாடலில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இந்த மலையில் இருந்து இறங்கும் பேயனாற்றுத் தண்ணீர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிநீராகப் போகுது. ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம். மலையில் மழை பெய்தால் வீட்டில் தண்ணீர் வந்துவிடும் என்று நினைக்கிறோம். நடுவில் இருக்கும் குழாயை யாரும் நினைப்பதில்லை. ஜேசிபி பல் பட்டு உடையும்போதுதான் நினைக்கிறோம்!

உடைந்த குழாயில் தண்ணீர் வீணாவது மட்டும் பிரச்சினை இல்லைங்க. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் குறையும். பக்கத்துச் சாக்கடை நீர் அந்த உடைப்பு வழியாக உள்ளே போகும். வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் அப்படித்தான் வீட்டுக்குள் வருது.

தோண்டாமலே குழாயைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. தரை ஊடுருவும் ராடார், சுருக்கமா ஜிபிஆர். கீழடியில் குழி போடும் முன் மண்ணுக்குள் என்ன இருக்கு என்று பார்க்கப் பயன்படுத்திய அதே தொழில்நுட்பம்தான்.

தள்ளுவண்டி மாதிரி ஒரு கருவி. ரோட்டின் மேல் தள்ளிக்கொண்டே போனால் ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பும். குழாயில் பட்டு எதிரொலி திரும்பும். மண்ணில் அந்த அலை ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் போகும். 20 நானோ விநாடியில் திரும்பினால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். அப்போ குழாய் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கு. திரையில் அது கவிழ்த்து வைத்த வில் மாதிரி தெரியும். இரும்பை மட்டும் கண்டுபிடிக்கிற கருவிக்குச் சிக்காத பிவிசி குழாயும் இதில் தெரிய வாய்ப்பு உண்டு.

இது மந்திரக்கோல் இல்லை என்பதையும் சொல்லிடறேன். மணல் கலந்த காய்ந்த மண்ணில் நல்லா வேலை செய்யும். ஈரமான கரிசல் மண் அலையை விழுங்கிடும். அதனால் மலையடிவாரத்தில் கிடைக்கிற தெளிவு கரிசல் காட்டில் கிடைக்காது. கோடைக்காலத்தில் ஸ்கேன் பண்ணணும். சந்தேகமான இடத்தில் கையால் சின்னக் குழி தோண்டி உறுதி செய்யணும்.

“இதுக்கெல்லாம் காசு ஏது?” என்று கேட்பாங்க. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1999-ல் 71 சாலைத் திட்டங்களை ஆராய்ந்தது. நிலத்தடிக் குழாய், கேபிள்களை முன்கூட்டியே கண்டறியச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4.62 டாலர் மிச்சம்!

தோண்டுபவர்களையும் கேபிள், குழாய் உரிமையாளர்களையும் இணைக்க 2023 மார்ச் 22-ல் ஒன்றிய அரசு ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் பழைய குழாய் எங்கே போகுது என்று குழாய்க்குச் சொந்தக்காரருக்கே தெரியலைன்னா செயலி என்ன பண்ணும்?

அதனால் நம் கோரிக்கை மூன்று:

✅ குடிநீர்க் குழாய் போகும் சாலையைத் தோண்டும் முன் ஸ்கேன் கட்டாயம். டெண்டரிலேயே அந்தச் செலவைச் சேர்க்க வேண்டும்.

✅ கண்டுபிடித்த குழாயின் ஆழம், அளவு, வால்வு இருக்கும் இடம் எல்லாம் ஒரே டிஜிட்டல் வரைபடத்தில் பதிய வேண்டும். நகராட்சி, மின்வாரியம், நெடுஞ்சாலைத்துறை மூன்றும் அதையே பார்க்க வேண்டும்.

✅ புதுக்குழாய் பதித்தால் பள்ளத்தை மூடும் முன் அளவு எடுத்துப் பதிய வேண்டும். அதன் பிறகே பில் பாஸ் ஆக வேண்டும்.

அடுத்த கிராம சபையில், பகுதி சபாவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாங்க. வால்வைத் திறந்து மூடுகிற ஊழியர்களுக்குத்தான் குழாய் போகும் பாதை மனப்பாடம். அவர்கள் ஓய்வு பெறும் முன் அது வரைபடத்தில் ஏறணும்.



#செண்பகத்தோப்பு #ஸ்ரீவில்லிபுத்தூர் #ராஜபாளையம் #பார்த்துத்தோண்டு