புரோக்கன் மலையும் அதன் அடிவாரத்து நகரமும்

உயர்ந்த இடத்தில் ஏறி நின்று தன் ஊரைத் தானே பார்ப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. நாள்தோறும் புழங்கும் தெருவும் கடையும் வீடும் உள்ளங்கை அளவாகச் சுருங்கிவிடுகின்றன. ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவே அவை ஏன் அவ்விடத்தில் அமைந்தன என்பது அப்பொழுதுதான் விளங்குகிறது. இவ்வின்பத்தை ஒரு கலையாகவே பேணி வருபவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் நாட்டில் மலையடிவாரத்து நகரம் ஒன்று இருக்குமாயின், அதைச் சூழ்ந்த குன்றுகளில் காட்சிக் கோபுரமும், காட்டினூடே செல்லும் நடைபாதையும், வழி பிரியுமிடந்தோறும் கைகாட்டி மரமும், களைத்தவர் அமரப் பலகையும் இருக்கக் காணலாம். அத்தகைய நகரங்களுள் ஒன்று வெர்னிகரோடே.

வட ஜெர்மனியின் சமவெளி தெற்கு நோக்கிச் சென்று முடியுமிடத்தில் ஹார்ட்ஸ் என்னும் மலைத்தொடர் எழுகிறது. அதன் வடக்கு விளிம்பில், ஹோல்ட்டெம்மே என்ற சிற்றாறு மலையைவிட்டு இறங்கும் இடத்தில் இந்நகரம் இருக்கிறது. மரச்சட்டங்களை நிறுத்தி இடையிடையே மண்ணும் செங்கல்லும் நிரப்பிக் கட்டிய பழைய வீடுகள், கூர்ங்கோபுரங்கள் இரண்டு கொண்ட நகரசபை மண்டபம், ஊருக்கு மேலே குன்றின்மீது ஒரு கோட்டை. கோட்டையைக் கண்டவர் இடைக்கால வீரர்களை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அதன் இன்றைய உருவம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிஸ்மார்க்கிற்குத் துணையமைச்சராக விளங்கிய ஓட்டோ பிரபு அமைத்தது. பழமையைப் புதிதாகச் செய்துகொள்வதில் அக்காலத்துச் செல்வர்களுக்கு அளவற்ற விருப்பம் இருந்தது.

காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய நடைகள் இங்கே பல. ஆற்றை எதிர்த்து மேலே சென்றால் ஷ்டைனெர்னே ரென்னே என்ற பள்ளத்தாக்கு வருகிறது. கருங்கற் பாறைகளின்மீது தண்ணீர் படிப்படியாக விழுந்து நுரைக்கும் இடம் அது. அதற்கு அப்பால் காட்டின் நடுவே தன்னந்தனியாக ஒரு பெரும்பாறை நிற்கிறது. ஓட்டோ பிரபுவின் பெயரையே அதற்கும் இட்டிருக்கிறார்கள். பாறையில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருப்பதால், நெஞ்சுறுதி உள்ளவர்கள் ஏறி மரங்களின் தலைக்குமேல் நின்று நாற்புறமும் நோக்கலாம்.

காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே எழக்கூடும். அரசாங்கக் காடு, நகரசபைக் காடு, தனியார் காடு என்று மூன்று வகையும் அந்நாட்டில் உண்டு. எனினும் உரிமை யாருடையதாயினும், இளைப்பாறும் பொருட்டுக் கால்நடையாகச் செல்பவருக்குக் காடு திறந்தே இருக்கவேண்டும் என்று 1975ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் விதிக்கிறது. வழக்கமோ அதனினும் பழையது. பாதைகளுக்கு அடையாளமிட்டுப் பராமரிக்கும் பணியை ஹார்ட்ஸ் கழகம் என்ற அமைப்பு 1886 முதல் செய்து வருகிறது. 2006இல் இதனோடு ஒரு விளையாட்டும் சேர்ந்தது. மலைத்தொடர் முழுவதும் 222 இடங்களில் சிறு பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு முத்திரையை வைத்திருக்கிறார்கள். நடந்து சென்று, கையேட்டில் தாமே முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். எட்டு முத்திரை சேர்ந்தால் வெண்கலச் சின்னம். 222ம் நிறைந்தால் நடைப் பேரரசர் என்ற பட்டம்! பள்ளிச் சிறுவர்கள் பெற்றோரை இழுத்துக்கொண்டு மலையேறுவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை.

இந்நடைகளுக்கெல்லாம் தலைமையாக விளங்குவது புரோக்கன் சிகரம். உயரம் 1141 மீட்டர். எண்ணளவில் இது பெரிதன்று. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதை மலையென்றே ஒப்பமாட்டார்கள். ஆனால் வடக்கே கடல்வரை தடுப்பார் இல்லாத சமவெளியாதலால், காற்றும் பனியும் முதலில் மோதுவது இதன்மீதுதான். ஆகவே உச்சியில் மரம் வளர்வதில்லை. ஆண்டில் ஏறத்தாழ 300 நாட்கள் ஏதேனும் ஒரு வேளையில் மூடுபனி கவிகிறது. அம்மூடுபனியில்தான் புரோக்கன் பூதம் என்ற அதிசயம் தோன்றும். கதிரவன் தாழ்ந்து நிற்கையில், நடப்பவனுடைய நிழல் எதிரே உள்ள பனித்திரையில் விழுகிறது. திரை தொலைவில் இருப்பதாக மனம் கருதுவதால் நிழல் பேருருவாகத் தோன்றுகிறது. தலையைச் சுற்றி வானவில் போன்ற ஒளிவட்டமும் தென்படுகிறது. சூனியக்காரிகள் ஏப்ரல் 30ஆம் நாள் இரவில் இங்கே கூடுகிறார்கள் என்ற கதை எழுந்ததில் வியப்பில்லை. மகாகவி கெதே 1777 டிசம்பரில் பனி மூடியிருந்த இம்மலைமேல் ஏறினார். பின்னர்த் தம் ஃபௌஸ்ட் நாடகத்தில் அக்கூட்டத்தை இங்கேயே நடத்தி வைத்தார். கவிஞர் ஹைனே 1824இல் நடந்து வந்து, இல்சே ஓடையின் வழியே இல்சன்பர்க் என்ற ஊருக்கு இறங்கினார்.

கவிஞர்கள் மட்டுமல்லர், கணித மேதை கௌஸும் இச்சிகரத்தை நாடினார். 1820களில் நிலத்தை அளந்தபோது, புரோக்கன், இன்செல்ஸ்பெர்க், ஹோஹெர் ஹாகென் என்ற மூன்று மலையுச்சிகளை முனைகளாகக் கொண்டு ஒரு பெரும் முக்கோணம் அமைத்தார். ஓர் உச்சியில் கண்ணாடி கொண்டு சூரிய ஒளியைத் திருப்பினால், மற்றோர் உச்சியிலிருந்து அது நட்சத்திரம் போல் தெரியும். புரோக்கனுக்கும் இன்செல்ஸ்பெர்க்குக்கும் இடையே உள்ள தொலைவு 100 கிலோமீட்டருக்கும் மேல்!

இவ்வாறு நெடுந்தொலைவு தெரியும் இடம் என்பதே பிற்காலத்தில் இம்மலைக்குத் தீங்காக முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. எல்லைக்கோடு ஹார்ட்ஸ் மலையை ஊடறுத்துச் சென்றது. புரோக்கன் கிழக்கு ஜெர்மனியின் பக்கம், எல்லையை ஒட்டினாற்போல் அமைந்துவிட்டது. முதலில் அனுமதிச் சீட்டு இருந்தால் ஏறலாம் என்ற நிலை இருந்தது. 1961 ஆகஸ்டில் அதுவும் நின்றது. சோவியத் படையினரும் கிழக்கு ஜெர்மனியின் ஒற்றுத்துறையினரும், மேற்கு நாட்டு வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் கருவிகளை உச்சியில் நிறுவினார்கள். சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுந்தது. 1899 முதல் உச்சிவரை ஓடிய புகைவண்டி பயணிகளை ஏற்றிச் செல்வதை நிறுத்தியது.

வெர்னிகரோடே மக்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊரின் மேடான இடங்களில் நின்றால் மலை தெரிகிறது. தாத்தா ஏறிய மலை, தந்தை ஏறிய மலை. பிள்ளைக்கோ அது பள்ளிக்கூடப் படத்தில் உள்ள மலை. 28 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தொலைவில் இருப்பதை அடைய முடியாத வருத்தம் ஒருவகை. கண்ணெதிரே இருப்பதை நெருங்கக் கூடாதென்பதோ நாள்தோறும் புதுப்பிக்கப்படும் அவமதிப்பு என்றே நான் கருதுகிறேன்.

1989 நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. புரோக்கனின் வாயில் அப்போதும் திறக்கவில்லை. டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமையன்று, பல ஊர்களிலிருந்தும் மக்கள் பனியில் நடந்து மலைக்கு ஏறினார்கள். அவர்கள் ஏந்தியவை பதாகைகளே, ஆயுதங்கள் அல்ல. சுவரின் முன் நின்று வழிவிடுமாறு வற்புறுத்தினார்கள். நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் காவலர்கள் வாயிலைத் திறந்தார்கள். அரசியல் கிளர்ச்சிகள் எத்தனையோ உண்டு. ஒரு மலையின் உச்சிக்கு நடந்து செல்லும் உரிமைக்காக மலையின்மேலேயே நடந்த கிளர்ச்சி அரிது. 1991 செப்டம்பரில் நீராவி வண்டி மீண்டும் உச்சிக்கு ஏறியது. கடைசி ரஷ்யப் படையினர் 1994இல் வெளியேறினார்கள். ஒட்டுக்கேட்ட கட்டிடம் இன்று பொருட்காட்சிச் சாலை. ரோந்து வண்டிகளுக்காகத் துளையிட்ட கான்கிரீட் பலகைகள் பாவிய பாதை இன்று மலையேறுவோரின் பாதைகளுள் ஒன்று. முழங்காலுக்கு அவ்வளவு இதமானதன்று.

இனி, காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று வெர்னிகரோடேயிலிருந்து புரோக்கனை நோக்கி நடப்பவரைத் திடுக்கிட வைப்பது சாம்பல் நிறமாகப் பட்டுப்போய் நிற்கும் மரங்களின் கூட்டம். இம்மலைகளில் வெள்ளியும் ஈயமும் செம்பும் தோண்டிய காலத்தில், சுரங்கத்துக்கும் உலைக்கும் வேண்டிப் பழைய இலையுதிர் காடுகளை அழித்தார்கள். அவற்றின் இடத்தில், விரைந்து வளருமென்று ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். உயரமான குளிர்ந்த சரிவுக்கு அது இயல்பான மரம். கீழே அது வேண்டாத விருந்தாளி. 2018இல் பெரும்புயல் பல மரங்களைச் சாய்த்தது. தொடர்ந்து கடும் வறட்சி. ஸ்புரூஸ் மரத்தின் பட்டைக்குள் துளையிட்டு முட்டையிடும் ஒரு சிறு வண்டு உண்டு. அது குடையும் கோடுகள் எழுத்து வரிகள் போல் இருப்பதால், அதற்கு ஜெர்மன் மொழியில் அச்சுக்காரன் என்றே பெயர். ஈரம் உள்ள மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். தாகத்தால் வாடிய மரத்துக்கு அந்த வலிமை இல்லை. சில ஆண்டுகளுக்குள் தேசியப் பூங்காவின் ஸ்புரூஸ் மரங்களில் பெரும்பகுதி மடிந்தது.

பட்ட மரங்களை வெட்டி அகற்றுவதா, விட்டுவிடுவதா? இயற்கையை அதன் போக்கில் விடுவதே தேசியப் பூங்காவின் கொள்கை. 2022 செப்டம்பரிலும் 2024 செப்டம்பரிலும் சிகரத்தின் அருகே காட்டுத்தீ மூண்டது. முதல் தீயின்போது உச்சியிலிருந்தவர்களைக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று. காய்ந்த மரமே தீக்கு இரை என்று ஊரார் பலர் வாதாடுகிறார்கள். கிடக்கும் மரம் ஈரத்தைக் காத்து இளங்கன்றுக்கு மடியாகிறது என்பது பூங்காவினர் விடை. ஊரை ஒட்டிய இடங்களில் மரத்தை அகற்றி இடைவெளி விடுவதும், உட்பகுதியைத் தொடாமலிருப்பதுமே தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹைனே இறங்கிய வழியே இன்று ஏறுபவர் முதலில் இல்சே ஓடையின் கரையில் பீச் மரங்களின் பசுமையான நிழலில் நடக்கிறார். மேலே செல்லச் செல்ல நிழல் மறைந்து சாம்பல் நிறத் தண்டுகள் தொடங்குகின்றன. காற்றடிக்கும் நாளில் மரம் விழும் என்று பலகைகள் எச்சரிக்கின்றன. முன்பு இருள் சூழ்ந்திருந்த பாதையிலிருந்து இப்போது சமவெளி தெரிகிறது. விழுந்த மரங்களின் நடுவே பர்ச் கன்றுகளும், சிவந்த கனிக்கொத்துத் தரும் ரோவன் கன்றுகளும், இடுப்பளவு வளர்ந்த சிறு ஸ்புரூஸும் தலைகாட்டுகின்றன. அவற்றை யாரும் வரிசையாக நடவில்லை.