மூச்சுத் திணறும் இஞ்சின்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்குச் சொந்தக் கார் என்பது விடுமுறையில் ஊர் கொண்டு சேர்க்கும் துணையாகும். அத்துணை நடுவழியில் சோர்ந்தால் நேரும் அல்லலை நாங்கள் ஒருமுறை நன்கு அறிந்தோம். மும்பையிலிருந்து குடும்பத்தோடு தெற்கே புறப்பட்ட எங்கள் டீசல் கார், கண்டாலா மலையேற்றத்தில் திடீரென வலுவிழந்தது. இஞ்சின் நிற்கவில்லை, ஆயினும் எவ்வளவு மிதித்தும் வேகம் கூடவில்லை. புணேயில் ஒரு பட்டறையில், "டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்றனர். அதற்கு அவர்கள் கேட்ட தொகை, ஊரில் நடக்கவிருந்த திருமணத்திற்கென நாங்கள் எடுத்து வைத்திருந்த பணத்தை முழுதும் விழுங்க வல்லது.

டர்போ என்பது யாது? இஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரியக்கூடிய டீசலும் மிகும், வலுவும் மிகும். ஸ்விட்சர்லாந்துப் பொறியியலார் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இக்காலக் கார்களில் இச்சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலும். அழுத்தத்தால் சூடேறிய காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து, குழாய்களின் வழியே இஞ்சினை அடைகிறது.

ஆகவே அழுத்தம் குறைந்தால் முதலில் சோதிக்க வேண்டியவை அக்குழாய்களே. மிதிக்கும்போது 'உஸ்' என்ற ஓசை, கரும்புகை, குழாயின் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை கசிவின் அடையாளங்கள். அடுத்து, காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா எனக் காண வேண்டும்.

மூன்றாவது, அழுத்தத்தை அளக்கும் சென்சார். சாவியைத் திருப்பி, இஞ்சினை ஓட்டாமல் பார்த்தால், அது அவ்வூர்க் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். மும்பையில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், பெங்களூரில் 90, சிம்லாவில் 78. இதற்கு வெகுவாக மாறுபட்டால் சென்சாரையே ஐயுற வேண்டும். நான்காவது, டர்போவின் அழுத்தத்தை ஆளும் வால்வும் அதை இயக்கும் மெல்லிய குழாயும். கரி படிந்து வால்வு சிக்கிக்கொள்வதுண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவைக் கழற்ற வேண்டும். அச்சு மிகுதியாக ஆடிச் சக்கரம் சுவரில் உரசியிருந்தால் மாற்றுவதே முறை. ஆனால் அதற்கு எண்ணெய் செல்லும் வழி அடைபட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் புதியதும் கெடும். நீலப்புகை மிகுதியாக வந்தால் வண்டியை மேலும் ஓட்டலாகாது.

பட்டறைக் கருவியில் தோன்றிய 'பி 0299' என்ற குறியீட்டைக் காட்டித்தான் எங்களிடம் டர்போவைப் பழித்தனர். அழுத்தம் குறைவு என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. மறுநாள் வேறொரு மெக்கானிக், இன்டர்கூலருக்குக் கீழே, கிளிப்பின் மறைவில், குழாயில் இருந்த கீறலைக் கண்டார். அழுத்தம் ஏறும்போது மட்டுமே அது வாய் திறந்தது. குழாயை மாற்றினார், திருமணத்திற்கு முந்தின நாள் ஊர் சேர்ந்தோம்.

அயலூர்ப் பட்டறையில் பேச மொழி போதாமல் நாம் தயங்குவதுண்டு. எனினும் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டா: குழாய்களைச் சோதித்தீர்களா? சென்சார் காட்டும் அளவு என்ன? அச்சு ஆடுவதை எங்களுக்குக் காட்ட இயலுமா? இவற்றிற்கு விடை கிடைத்த பின்னரே பணப்பையைத் திறப்போமாக.