வறட்சியை வெல்லும் செடிகள்



மதுரைச் சமவெளியில் கண்மாய் வறண்டு வெடித்த பின்னும் வேலியில் நிற்கும் திருகுகள்ளி வாடுவதில்லை. காரணம் யாது? வெயில் வேளையில் அது தன் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியிலேயே அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கிறது. இலை செய்ய வேண்டிய வேலையைப் பச்சைத் தண்டே செய்துவிடுகிறது. குடைவேல மரமோ இலைகளைப் பொடிப்பொடியாகச் சிறுக்கி நீரைக் காக்கிறது. இத்தகைய சிக்கனக்காரர் நம்மில் எத்தனை பேர்!

சீமைக் கருவேலின் போக்கு வேறு. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களிலிருந்து வந்த அம்மரம் ஆழத்தையே பெரிதும் நம்புகிறது. நிலத்தடி நீரைத் தேடி வேரைச் செலுத்துகிறது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தழைத்துவிடும். அதன் இனிப்பான காய்களைத் தின்னும் ஆடுமாடுகள் விதையை எருவோடு ஊரெங்கும் பரப்புகின்றன. 2017ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு உத்தரவிட்டபோது அரிவாள்கள் மும்முரமாயின. ஆனால் அரிவாளுக்கு அஞ்சும் மரமன்று இது.

முள்ளைக் கண்டு ஏமாந்து குடைவேலையும் நாட்டுக் கருவேலையும் சேர்த்துச் சாய்த்துவிடலாகாது. பூவைப் பாருங்கள். சீமைக் கருவேலில் அது கதிர்போல் நீண்டிருக்கும். மற்ற இரண்டிலும் சிறு உருண்டையாக இருக்கும். கண்மாய் மரங்களை ஏலம் விடும்போது, வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் ஏல விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.