மேடையில் ஒரு குழந்தையின் கூற்று



தனிநடிப்புப் போட்டி என்றவுடன், பாண்டியன் அவையில் நீதி கேட்கும் கண்ணகியே பலருக்கும் நினைவுக்கு வருவாள். அவளுடைய துயரம் காலத்தால் நமக்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆகவே, நடிப்பவர் குரலை எத்துணை உயர்த்தினாலும் எவரும் புண்படுவதில்லை. அதே மேடையில், நம் காலத்துக் குழந்தை ஒன்றின் போர்க்கால அனுபவத்தை ஒரு மாணவர் தனியே நின்று சொல்ல நேர்ந்தால், அதை எவ்வாறு சொல்ல வேண்டும்? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரில் இயங்கும் அஷ்தார் நாடகக் குழு 1991இல் தொடங்கப்பெற்றது. 2008 டிசம்பர் இறுதியில் மூண்டு 2009 ஜனவரியில் ஓய்ந்த காஸா போருக்குப் பின், அக்குழு அங்குள்ள பதின்ம வயதினரை எழுதச் செய்தது. ஏறத்தாழ முப்பது பேர் எழுதினர். ‘காஸா தனிமொழிகள்’ என்னும் அத்தொகுப்பின் ஒவ்வொரு பகுதியும் ஒருவர் மட்டுமே நின்று பேசுவதற்குரியது. குண்டுவீச்சை மட்டும் அவர்கள் எழுதவில்லை. வீட்டையும் குடும்பத்தையும் அச்சத்தையும் எதிர்காலக் கனவையும் எழுதினர்.

போர்ச் செய்தியில் குழந்தை ஓர் எண்ணாகவே இடம்பெறுகிறது. தனிமொழியிலோ அக்குழந்தை ‘நான்’ என்று பேசுகிறது. தன்மை ஒருமை என்று நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கும் அச்சிறு சொல், எண்ணிக்கைக்குள் மறைந்த ஒருவரை மீண்டும் ஆளாக நிறுத்துகிறது.

முற்றுகையின் காரணமாக எழுதியவர்களால் காஸாவைவிட்டு எளிதில் வெளியேற இயலவில்லை. அவர்களுடைய எழுத்தே பயணம் செய்தது. 2010 அக்டோபர் 17ஆம் நாள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் இளையோர் அதனை மேடையேற்றினர். காஸாச் சிறுமியின் ‘நான்’ வேறொரு நாட்டுச் சிறுமியின் வாயிலிருந்து ஒலித்தது.

இரவல் பெற்ற இந்த ‘நான்’ எவரை நோக்கிப் பேசுகிறது? தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளை 34 என வகுத்தபோது, கூற்றைப் போலவே கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்தார். கேட்பவர் இன்றிச் சொல் முழுமை பெறுவதில்லை. தனிநபர் நாடகத்தில் அவ்விடம் மேடையில் வெறுமையாக விடப்படுகிறது. அரங்கில் அமர்ந்திருக்கும் நாமே அதை நிரப்ப வேண்டியவர்கள்.

குழந்தை மேடைக்கு வராமலேயே அதன் நிலையை உணர்த்தும் நாடகமும் உண்டு. கோலான் குன்றுப் பகுதியைச் சேர்ந்த கவ்லா இப்ராஹீம் எழுதித் தாமே தனித்து நடித்த ‘கூரைமேல் ஒரு தட்டல்’ 2024இல் எடின்பரோவிலும் 2025இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் நிகழ்த்தப்பட்டது. பெருங்குண்டு விழுமுன் எச்சரிக்கையாகக் கூரைமேல் சிறுகுண்டு வீசப்படுவதையே தலைப்பு குறிக்கிறது. இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் தப்பியோட மரியம் என்னும் தாய் ஒத்திகை பார்க்கிறாள். மகனின் எடைக்கு ஈடாகத் தலையணை உறையொன்றில் பொருள்களை நிரப்பி, அதைச் சுமந்தவாறு ஓடிப் பழகுகிறாள். இதில் குருதியோ கதறலோ காட்டப்பட வேண்டியதில்லை. ஒரு குழந்தை தூக்கி ஓட வேண்டிய எடையாக மாறிவிட்டது என்பதை அந்த உறையே உணர்த்திவிடுகிறது.

ஆசிரியர்கள் கருத வேண்டியது இங்கேதான் உள்ளது. நம் மாணவி ஒருத்தி இத்தகைய பகுதியை நடிக்கவிருக்கிறாள் என்று கொள்வோம். முதல் ஒத்திகையில் அவள் அழக்கூடும், அது இயல்பே. ஆனால் மேடையில் அவள் கண்ணீர் பெருக்கினால், அவையோர் அவளுடைய நடிப்பைப் பாராட்டுவர். காஸாச் சிறுமியை மறந்துவிடுவர். மெய்ப்பாடு கேட்போர் உள்ளத்தில் தோன்ற வேண்டும். ஆகவே, அழக் கற்பிப்பதற்குமுன் அறியக் கற்பிப்போம். அந்நிலம் சுமார் 365 சதுர கிலோமீட்டர் பரப்புடையது என்பதையும், அங்கு வாழும் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பதினெட்டு வயதிற்குட்பட்டோர் என்பதையும் அவள் அறிந்துகொள்ளட்டும். பின்னர், அச்சிறுமியின் சொற்களைக் கூட்டாமலும் குறைக்காமலும் தெளிவாக உச்சரிக்கட்டும். பிறர் துயரத்தை நாம் ஏந்தும் முறை அதுவே.

2023 நவம்பர் 29ஆம் நாள், அஷ்தார் குழுவின் அழைப்பை ஏற்று, பல நாடுகளில் அத்தனிமொழிகள் மீண்டும் வாசிக்கப்பட்டன. 2010இல் எழுதிய பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகியிருக்க வேண்டிய காலம். பழங்கதையாகியிருக்க வேண்டிய அவர்களுடைய சொற்களோ அன்றைய செய்திபோல் ஒலித்தன. அச்சொற்கள் என்றேனும் உண்மையாகவே பழையனவாகிவிட வேண்டும். அதுவரை, மேடையில் வெறுமையாக விடப்பட்ட கேட்போரின் இடத்தில் நாம் அமர்ந்திருப்போம்.