இரு மொழி நிலத்தில் செவிக்கு ஒரு படிப்பு

பழைய வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்தெடுத்து, 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு பலமுறை இடம் மாறினவேயன்றி, மக்கள் நாவில் வழங்கும் மொழிகள் இடம் மாறவில்லை. தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுவது சித்தூர்க் கடைத்தெருவில் இன்றும் இயல்பான ஒன்று.

இத்தகைய நிலத்தில் ஒரு குழந்தை இரண்டு வயது நிரம்பியும் பேசவில்லையென்றால், வீட்டுப் பெரியவர்கள் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. “வீட்டிலே தமிழ், வாசலிலே தெலுங்கு. எதைப் பேசுவதென்று பிள்ளை திகைக்கிறது. போகப் போகத் தானே பேசும்” என்பார்கள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சமாதானம் புதிதன்று. ஆனால் இது உண்மையன்று. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தையும் பேச்சை இழப்பதில்லை. பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டுவது செவிச் சோதனை. சமாதானம் சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும், மூளை மொழியை எளிதாகப் பற்றும் பருவத்திலிருந்து கழிகின்ற மாதமாகும்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இன்னதென்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும்: இதுவே வல்லுநர் வகுத்துள்ள கால அளவு. பேசத் தெரியாத பச்சிளங்குழந்தையை எவ்வாறு சோதிப்பதென்று கேட்கலாம். நலமான உட்செவி, ஒலியை ஏற்கும்பொழுது தானும் மிக மெல்லிய எதிரொலி ஒன்றை வெளியிடுகிறது. காதில் வைக்கும் சிறு கருவி அதைப் பதிவு செய்யும். மற்றொரு முறையில், உறங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதருகிலும் மின்வாய்களைப் பொருத்தி, ஒலி நரம்பின் வழியே மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் குழந்தைக்கு நோவு இல்லை.

இவற்றைச் செய்பவர் கேட்பியல் வல்லுநர். இவர் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அல்லர். அவருக்குத் துணையாக நிற்கும் தனித் துறையினர். இதற்கான பட்டப்படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. என வழங்குகிறது. கேட்பியலும் பேச்சு மொழி நோயியலும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. ஓராண்டுப் பணிப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியலோ கணிதமோ பயின்றோர் சேரலாம். ஒலியின் இயல்பு, செவியின் அமைப்பு, மொழியியல், உளவியல், காதொலிக் கருவிகள் ஆகிய அனைத்தையும் பயில வேண்டும். மைசூரில் 1965இல் மத்திய அரசு நிறுவிய அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிலையம் இத்துறையில் முதன்மையானது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி சித்தூருக்கு மிக அண்மையில் உள்ளது. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் உண்டு. பட்டம் பெற்றபின், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.

இப்படிப்பில் மொழியியலுக்கு என்ன வேலை? ஒலி காதில் விழுகிறதா என்பதைக் கருவி சொல்லும். சொல் விளங்குகிறதா என்பதைச் சொற்களைக் கொண்டுதான் அறிய வேண்டும். சோதகர் சொற்களை ஒவ்வொன்றாக ஒலிப்பார். கேட்பவர் திருப்பிச் சொல்வார். தெலுங்கில் கோழிக்கும் ‘கோடி’ என்பது பெயர். நூறு லட்சத்துக்கும் ‘கோடி’ என்பது பெயர். முன்னதில் டகரம் நம் ‘ஆடி’யில் வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும், பின்னதில் வலிந்து ஒலிக்கும். தமிழ் எழுத்தோ இரண்டுக்கும் ஒன்றே. தமிழன்றி வேறறியாத சோதகர் இவ்வேறுபாட்டைத் தவறவிடக்கூடும். அவ்வாறே, தெலுங்கு பேசும் சிறுவன் ‘மழை’யை ‘மளை’ என்றால் அது செவியின் குறையாக இருக்க வேண்டுவதில்லை. அவன் மொழியில் அவ்வெழுத்து இன்று வழக்கில் இல்லை என்பதே காரணமாகலாம். எது குறை, எது வழக்கு என்று பிரித்தறிய, இரண்டு மொழியும் அறிந்த செவி வேண்டும்.

குறையைக் கண்டறிந்த பின்னரும் மொழியே முன்னிற்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் செவித்திறன் குறைந்த மாணவர்க்குப் பள்ளி நடத்துகிறது. மிகச் சிறு குழந்தைகளுக்குத் தாயையும் உடன் வைத்துப் பேச்சு பயிற்றும் ‘சிரவணம்’ என்ற திட்டத்தையும் ஏற்படுத்தியது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவும் தாய்மாரைப் பயிற்சியின் நடுவே நிறுத்திய பள்ளியே. காதொலிக் கருவியோ, அறுவையால் பொருத்தும் காக்ளியர் கருவியோ ஒலியைத்தான் கொடுக்கும். மொழியைக் கொடுப்பவள் தாய். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அவள் ஓயாது பேச வேண்டும். தனக்கு இயல்பாக வராத மொழியில் பேசச் சொன்னால் அவள் பேச்சு வற்றிப்போகும். மொழிபெயர்ப்பே எனக்குத் தொழில். ஆயினும், தாய்க்கும் குழந்தைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் அமர இயலாது. பயிற்சி தருபவரே அத்தாயின் மொழியை அறிந்திருத்தல் வேண்டும். சைகை மொழியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு. அதுவும் இலக்கணம் உடைய முழுமையான மொழியே. அதற்கும் காலத்தில் தொடங்குவதே நன்று.

இரு மொழிச் சூழலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இத்தொழிலில் ஓர் இயற்கையான தகுதி உண்டு. சித்தூரில் தமிழும் தெலுங்கும், பெங்களூரில் தமிழும் கன்னடமும், மும்பையில் தமிழும் மராத்தியும் தெருவிலேயே கற்றவர்கள் அவர்கள். தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தராத அவ்வறிவு இங்கே தொழிற்கருவியாகிறது. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அமையும் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களிலும், மருத்துவமனைகளிலும், சிறப்புப் பள்ளிகளிலும் இவர்களுக்கு வேலை உண்டு. உலகில் செவிக்குறைக்காக உதவி தேவைப்படுவோர் நாற்பத்து மூன்று கோடிப் பேர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் கணித்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மகனோ மகளோ இருந்தால், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு இப்படிப்பையும் அவர்கள் முன் வையுங்கள். அவர்களுடைய தமிழையும் கைவிட வேண்டாமென்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பார்க்கவில்லையென்றால், மொழிகளின்மேல் பழி போடாமல், அந்த வாரத்திலேயே செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.