குட்டியின் சதைப்பிடிப்பு யார் வழி வருகிறது?



வெண்பன்றி வளர்க்கிறவர்கள் இனவிருத்திக்கு ஆண் பன்றி வாங்கப் போனால் என்ன பார்க்கிறோம்? தொடை திரண்டிருக்கிறதா, முதுகிலே கொழுப்பு கம்மியா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அது மட்டும் போதாதுங்க. ஏன் என்று சொல்கிறேன்.

குட்டிக்கு மரபணுக்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. தகப்பன் கொடுத்தது ஒன்று, தாய் கொடுத்தது ஒன்று. பெரும்பாலும் இரண்டுமே வேலை செய்யும். ஆனால் சில மரபணுக்கள் மட்டும் யார் கொடுத்தது என்ற முத்திரையோடு வருகின்றன. ஒரு பக்கத்து மரபணு வேலை செய்யும், மற்றது ஊமையாகக் கிடக்கும்.

வளர்ச்சிக்கான ஐ.ஜி.எஃப்.-2 என்ற மரபணு இந்த ரகம். 1991-ல் சுண்டெலியிலே பார்த்தார்கள். தகப்பன் வழி வரவேண்டிய மரபணு கெட்டிருந்தால் குட்டி மற்றதைப்போல 60 சதவீத எடைதான் பிறக்கிறது. தாய் வழி வந்தது கெட்டிருந்தால் எடை குறையவே இல்லை! அதே வருஷம், இந்த வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கிற இன்னொரு மரபணு தாய் வழியாக மட்டும் வேலை செய்வதையும் கண்டார்கள். தாய்க்கு அடுத்த ஈத்துக்கும் தெம்பு வேண்டுமே, அதனால்தான் இந்த இழுபறி என்பது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம்.

இனி பன்றிக்கு வருவோம். நம் பண்ணைகளிலும் இருக்கிற லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் இனத்தைக் காட்டுப்பன்றியோடும், பெல்ஜிய நாட்டுப் பியெட்ரன் இனத்தோடும் கலந்து ஐரோப்பாவில் ஆராய்ந்தார்கள். சதைப்பிடிப்பைக் கூட்டுகிற ஐ.ஜி.எஃப்.-2 மரபணு தகப்பன் வழி வந்தால்தான் குட்டியிலே பலன் தெரிகிறது என்று 1999-ல் தெரிந்தது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று 2003-ல் கண்டுபிடித்தார்கள். கறி 3 முதல் 4 சதவீதம் கூடும். கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள், ஈத்துக்கு ஈத்து, குட்டிக்குக் குட்டி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஆண் பன்றிக்கு அந்த நல்ல மரபணு அதன் தாயிடமிருந்து வந்திருந்தால், அதன் உடம்பிலே அந்தச் சதைப்பிடிப்பு தெரியாது. ஆனால் முத்திரை தலைமுறைக்குத் தலைமுறை அழித்துக் குத்தப்படுகிறது. அதனால் அதற்குப் பிறக்கிற குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு அது தகப்பன் முத்திரையோடு போய்ப் பலன் கொடுக்கும். ஆகவே ஆண் பன்றியின் தொடையை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னே பிறந்த குட்டிகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று விசாரியுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பால் கொடுக்கிற பன்றிக்கு உடம்பிலே கொஞ்சம் கொழுப்புச் சேமிப்பு வேண்டும். தாய்ப் பன்றியை ஒல்லியான இனமாகப் பார்த்துத் தேட வேண்டியதில்லை. நிறையக் குட்டி போட்டு, நன்றாகப் பால் கொடுத்து வளர்க்கிற வம்சத்திலே தாயை எடுங்கள். கறிக்கு ஆண் பன்றி இருக்கிறது.

அப்படியானால் தாய்மைக் குணமும் தகப்பன் முத்திரையில் வருகிறதா என்று கேட்பீர்கள். 1999-ல் சுண்டெலியிலே பெக்-3 என்ற மரபணுவைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். தகப்பன் கொடுத்தது வேலை செய்யாத தாயெலி சரியாகக் கூடு கட்டவில்லை, சிதறிய குட்டிகளைச் சேர்க்கவில்லை, பாலும் சரியாக இறங்கவில்லை. ஆனால் 2016-ல் வேறொரு குழு அதே மரபணுவை வேறு முறையில் கெடுத்துப் பார்த்தபோது தாயெலி குட்டிகளை நன்றாகவே கவனித்தது. விவகாரம் தீர்ந்தபாடில்லை. உங்கள் பன்றி குட்டியை அண்டவிடாவிட்டால் அதன் தகப்பன்மேல் பழி போடாமல், மடியில் வீக்கம், காய்ச்சல், தண்ணீர்க் குறைவு, கொட்டில் நெருக்கடி இவற்றை முதலில் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள்.