நூற்றவளும் விருந்துண்டவளும்

உரோமப் படை ஆர்டியா என்னும் நகரை முற்றுகையிட்டிருந்த காலம். கூடாரமொன்றில் அரசகுமாரர் மது அருந்திப் பொழுதுபோக்கிக் கொண்டிருந்தனர். பேச்சு அவரவர் மனைவியரைப் பற்றித் திரும்பிற்று. ஒவ்வொருவனும் தன் மனையாளே சிறந்தவள் என விளையாட்டாக வாதிட்டான். அவர்தம் உறவினனும் கொலாட்டியா ஊரினனுமாகிய கொலாட்டினுஸ், வீண் வாதம் எதற்கு, நேரிற் சென்று காண்போம் என்றான். அனைவரும் குதிரையேறினர்.

உரோமில் அரச குடும்பத்து மருமகளிர் தோழியரோடு விருந்துண்டு களித்திருந்தனர். கொலாட்டியாவிலோ, கொலாட்டினுஸின் மனைவி லுக்ரீசியா இரவு நெடுநேரமாகியும் பணிப்பெண்கள் சூழக் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். வெற்றி அவளுக்கே என்றனர். ஆனால், விளையாட்டு வினையாயிற்று. அன்று அவள்மீது கண்வைத்த அரசகுமாரன் ஒருவன் சில நாளில் மீண்டும் வந்து, வன்முறையால் அவளைக் கெடுத்தான். அவள் தன்னுயிரை மாய்த்தாள். மக்கள் கொதித்தெழுந்து அரச குலத்தைத் துரத்தினர். கி.மு. 509இல் உரோமக் குடியரசு பிறந்தது இவ்வாறே என்பது மரபு.

இக்கதையை விரித்துரைத்த வரலாற்றாசிரியர் லிவி, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவர். துரத்தப்பட்ட குலமோ எத்துருஸ்க நகராகிய தார்க்குவீனியிலிருந்து உரோமுக்கு வந்து குடியேறியது. நூற்பவள் நம்மவள், விருந்துண்பவள் அயலாள் என்ற பாகுபாடு எவருக்கு இனித்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கரான தியோபொம்புஸும் எத்துருஸ்க மகளிர் பிற ஆடவரோடு ஒருங்கிருந்து உண்பவர், குடிப்பவர் எனப் பழித்தார். குலமகளிர் ஆடவர் விருந்திற் கலந்துகொள்ளாத நாட்டிலே பிறந்தவர் அவர்.

எத்துருஸ்கரின் இலக்கியம் அழிந்துபோயிற்று, கல்லறைகள் எஞ்சியுள்ளன. செர்வெத்தேரியிற் கிடைத்த சுடுமண் ஈமப்பேழையொன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன்மேல் கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் விருந்துக்குச் சாய்ந்திருக்கின்றனர். அவன் கை அவள் தோளை அணைத்திருக்கிறது. இருவர் முகத்திலும் ஒரே புன்னகை. பழித்தவர்கள் கண்ட விருந்து இதுதான். அங்கே அவள் பரத்தையல்லள், இல்லக்கிழத்தி.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. லுக்ரீசியா என்பதற்கு லுக்ரீசியுஸ் குடியிற் பிறந்தவள் என்பதே பொருள். அவளுக்குத் தமக்கை தங்கையர் இருந்திருப்பின் அவர்களுக்கும் அதுவே பெயர். எத்துருஸ்கப் பெண்ணுக்கோ ராம்தா, தானா என்று தனக்கே உரிய பெயர் இருந்தது. மக்களின் கல்லறை எழுத்துக்களில் தந்தை பெயரோடு தாயின் பெயரும் பல இடங்களிற் பொறிக்கப்பட்டது.

இவை செல்வர் வீட்டுக் கல்லறைகளே. அடிமைப் பெண்ணின் நிலையை இவை உரைக்கமாட்டா. எனினும், ஓர் ஊர்ப் பெண்டிரைப் பற்றிப் போட்டியூரார் கூறியதை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் முறையன்று என்பதை இவை உணர்த்துகின்றன. அந்தச் சுடுமண் தம்பதியர் இன்று வீற்றிருப்பதும் உரோம் நகர நூதனசாலையிலேதான். போட்டியூரின் நடுவிலே, நாணமோ அச்சமோ இன்றி, அவள் இன்னும் தன் கணவனோடு விருந்தமர்ந்திருக்கிறாள்.